அரிசி டிரம்முக்குப் பின்னால் காசிச் சொம்பு

போன ஆடியில், என் வீட்டுக்காரருக்கு ஈரலில் புற்றுநோய் முற்றிவிட்டது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வங்காளத்தில் நாங்கள் குடியிருக்கும் பெஹாலா வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். காளிகாட்டில் காப்பித்தூள் கடை வைத்து, வருகிற போகிறவர்களையெல்லாம் கேலி செய்தே வியாபாரம் பார்த்த மனிதர், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கண்ணில் பயம் மட்டும் இருந்தது.

எங்கள் பூஜை அலமாரியில் மாமனார் காசியிலிருந்து கொண்டுவந்த கங்கைச் சொம்பு ஒன்று உண்டு. வாயை ஈயத்தால் அடைத்த சின்னச் செம்பு. உயிர் பிரியும்போது வாயில் விடுவதற்கென்றே வைத்திருப்பது. கங்கைக்கரையில் குடியிருந்துகொண்டு காசித் தண்ணீரைக் காவல் காக்கிறோமே என்று என் வீட்டுக்காரரே கேலி பண்ணியிருக்கிறார். இப்போது அது அவர் கண்ணில் படவேண்டாம் என்று அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். பெரிய புத்திசாலி என்ற நினைப்பு எனக்கு!

செந்திலாண்டவரிடம் முதலில் உயிரைத்தான் கேட்டேன். அழுதேன், சண்டை போட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது வேண்டுதல் தானாகவே மாறி வந்தது. "முருகா, கூட்டிக்கிட்டுப் போறதுன்னா போ. ஆனா அவுக பயந்துகிட்டுப் போகக்கூடாது."

மறுநாள், வீட்டுக்கு வந்து அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் மிதாலி, ஊசி போட்டதும் வழக்கம்போல் கிளம்பவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். சித்தப்பா முறை வைத்து அவரை மேஷோ என்றுதான் கூப்பிடுவாள். "மேஷோ, உங்களுக்கு எதுக்குப் பயம்?" என்று வங்காளத்தில் கேட்டாள். அதுவரை நாங்கள் யாருமே அதைக் கேட்டதில்லை.

அவர் என்னைப் பார்த்தார். "ஏளா, அந்தச் சொம்ப எங்க வச்சிருக்க? அலமாரில காணலன்னதும், எடுத்துத் தயாரா வச்சிட்டன்னு தெரிஞ்சு போச்சு. இன்னைக்கா நாளைக்கான்னு கிடக்கேன்."

வெட்கத்தோடு எடுத்துவந்து கொடுத்தேன். உருட்டி உருட்டிப் பார்த்தார். "நெனவு இல்லாமக் கிடக்கையில ஊத்தினா எனக்கு ருசி தெரியுமா? இப்பவே தொறளா."

திறந்தால்தானே! கத்தி வளைந்ததுதான் மிச்சம். நாங்கள் தாதா என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அண்ணன் குறடோடு ஓடிவந்தார். மிதாலி பிடிக்க, தாதா இழுக்க, ஈயம் பெயர்ந்தது. உள்ளே நாக்கு நனையும் அளவுதான் தண்ணீர். அதை வாயில் விட்டதும் என் வீட்டுக்காரர் சப்புக்கொட்டினார். "இதுக்கா இத்தனை வருசம் காவல் காத்தோம்? நம்ம ஊரு பாபுகாட் படித்துறைத் தண்ணியேதான்!"

சிரித்தார். எத்தனை நாளைக்குப் பிறகு! நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அதோடு பயம் போயிற்று. தன் சாவைப் பற்றி அவரே பேசினார். காதருகே யாரும் ஒப்பாரி வைக்கக்கூடாது, கடையை மூடக்கூடாது என்றார். சொம்புதான் காலியாகிவிட்டதே, கடைசியில் நம் கடைக் காப்பியையே விடு என்றார்.

தெருவில் நவராத்திரிப் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் மூச்சு மெலிந்தது. கை என் கையில் இருந்தது. ஒரு கரண்டி காப்பி விட்டேன். சர்க்கரை வியாதிக்காரர் என்பதால் வருடக்கணக்காக இனிப்பில்லாத காப்பிதான் அவருக்கு.

"இப்பவாச்சும் சர்க்கரை போடக்கூடாதாளா?" என்றார்.

ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். அதையும் விழுங்கினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் பயம் துளியும் இல்லை. முருகா, உனக்குக் கோடி நன்றி.

இப்போது கடையை நான் பார்க்கிறேன். ஞாயிறுதோறும் மிதாலியோடு, இப்படிப் படுத்திருப்பவர்களின் வீடுகளுக்குப் போகிறேன். என்னைப் போல நம்பியிருப்பவர்களே, உயிரைக் கேளுங்கள், தப்பில்லை. அது கிடைக்காவிட்டால் அவன் காது கொடுக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பயத்தை எடுத்துவிடு என்றும் கேட்டுப் பாருங்கள். கேட்ட கையோடு கட்டிலில் போய் உட்கார்ந்து, எதற்குப் பயம் என்று அவர்களிடமே கேளுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் கடைக்குச் சொல்லி அனுப்புங்கள், காப்பியோடு வருகிறேன். சர்க்கரை போட்டே கொண்டுவருகிறேன்.