ஹிஸ்டரி டீச்சருக்கு சைபரில் என்ன வேலை?

சைபர் பாதுகாப்பு என்பது, ஒழுங்காகச் செய்தால் யார் கண்ணுக்கும் தெரியாத, ஒருநாள் தவறினால் ஊருக்கே தெரிந்துவிடுகிற வேலை. வேறு துறையிலிருந்து நடுவயதில் இதில் வந்து குதித்து, இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிற என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஜெபா. சங்கரன்கோவிலில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்தினேன். பிள்ளைகள் சேருவதில்லை என்று அந்தப் பிரிவையே மூடினார்கள், என்னையும் சேர்த்து. ஆன்லைனில் பாடம் கேட்டு, பரீட்சையில் ஒருமுறை தோற்று, மறுமுறை தேறினேன். இப்போது சென்னைக் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர்களுக்குள் திருடர்கள் நுழையாமல் வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொள்கிறேன்.

இன்டர்வியூ

இந்த வேலைக்கு முன்னால் வேறொரு கம்பெனியில் இன்டர்வியூவுக்குப் போனேன். ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தே போனதில் கால் வீங்கியிருந்தது. எதிரே இருந்த பையனுக்கு என் பழைய மாணவன் வயதுதான் இருக்கும். நானே செய்துபார்த்த பயிற்சிகளை லேப்டாப்பில் திறந்துவைத்தேன். அவன் அதன் பக்கம் திரும்பவே இல்லை. பி.ஏ., எம்.ஏ. இரண்டும் வரலாறு என்று படித்ததுமே பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தான். கேட்ட ஒரே கேள்வி இதுதான்:

"மேடம், பானிப்பட்டுல யாரு ஜெயிச்சாங்கன்னு எங்க சர்வருக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

சித்தப்பாவின் சந்தேகம்

வேலை கிடைத்த செய்தி பனவடலிசத்திரம் வரைக்கும் போய், சித்தப்பா பைக்கில் வந்து இறங்கினார். வாழ்த்தத்தான் வந்திருக்கிறார் என்று காபி போட்டேன். டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே, "ஏட்டி, நம்ம ஷீபா எந்நேரமும் போனும் கையுமா இருக்கா. நீ இங்கன இருந்தே அவ போனுக்குள்ள போயி, யாருகிட்ட பேசுதான்னு பாத்துச் சொல்லு" என்றார். ஷீபா அவர் மகள், காலேஜில் படிக்கிறாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்படி நுழைகிறவர்களைத் தடுப்பதுதான் என் வேலை, நுழைவது குற்றம், அதைவிட அந்தப் பிள்ளைக்குச் செய்கிற துரோகம் என்றெல்லாம் சொன்னேன். "சந்தேகம்னா அவகிட்டயே கேளுங்க சித்தப்பா" என்றேன். அவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"ஒரு பொட்டப்பிள்ள போனைத் திறக்கத் தெரியல, இவளை நம்பி கம்பெனிய ஒப்படைச்சிருக்கான்!"

பொய் மெயில்

ஊழியர்கள் ஏமாறுகிறார்களா என்று பார்க்க, நாங்களே அவ்வப்போது பொய் மெயில் அனுப்புவது வழக்கம். தீபாவளிப் பரிசு காத்திருக்கிறது என்று ஒன்று எழுதி அனுப்பினேன். முதல் ஆளாகப் பாஸ்வேர்டைக் கொடுத்தவர் ஒரு பெரிய அதிகாரி. கூட்டத்தில் நான் யார் பெயரையும் சொல்லவில்லை. அப்படியும் கூட்டம் முடிந்ததும் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் பயிற்சி வைத்திருக்கிறோம் என்று பணிவாகச் சொன்னேன்.

"மெயில்ல பொய் சொன்னது நீங்க, நம்புனது நான். இதுல யாருக்கும்மா ட்ரெயினிங் வேணும்?"

எதிர்வீட்டுக் கைதி

இதுதான் இன்னும் ஆறவில்லை. எதிர்வீட்டு அண்ணாச்சி அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மத்தியானம் அவர் மனைவி ஓடிவந்தார். "டீச்சர், சட்டுன்னு வாங்க. இவுக உள்ள இருந்து யாருகிட்டயோ கெஞ்சிக்கிட்டு இருக்காக. என்னைய அங்கன வரக் கூடாதுங்காக."

போய்ப் பார்த்தால், வீடியோவில் போலீஸ் தொப்பி போட்ட ஒருவன். அண்ணாச்சி பெயரில் போதைப்பொருள் பார்சல் வந்ததாம். அவரைப் போனிலேயே கைது செய்திருக்கிறானாம். பாங்கில் போட்டிருப்பதை எல்லாம் எடுத்து அவன் கணக்குக்கு அனுப்பினால் விடுவானாம். அண்ணாச்சி சட்டையெல்லாம் நனைந்து, பாஸ்புக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, கிளம்பத் தயாராக நின்றார். நான் போனைப் பிடுங்கி அணைத்தேன். "அதிகாரி லைன்ல இருக்கும்போது கட் பண்ணுதியே, நீ யாரு?" என்று கையை ஓங்கிவிட்டார். என் போனில் நம்மூர் ஸ்டேஷனைக் கூப்பிட்டு அவர் காதில் வைத்தேன். போனில் யாரையும் கைது செய்ய முடியாது என்று அங்கிருந்த ஏட்டு பொறுமையாகச் சொன்னார். அப்புறம்தான் அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அந்த வாரமே டீக்கடைப் பக்கம் போனபோது, நாலு பேர் நடுவில் அவர் குரல் கேட்டது. நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது.

"பேச ஆரம்பிச்சதுமே கள்ளப்பயன்னு கண்டுக்கிட்டேன் வே. சும்மா பேச்சுக் கொடுத்து ஆளைப் பிடிக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள அந்த ஹிஸ்டரி டீச்சர் வந்து காரியத்தைக் கெடுத்துட்டா!"

ஆக, 'உனக்கு இந்த வேலை பார்க்கத் தகுதி இருக்கிறதா?' என்று இந்தத் தொழிலில் இதுவரை என்னிடம் கேட்காத ஒரே கூட்டம், திருடர்கள்தான்.