நனைக்கக் கூடாத எருது

எருத்தேன்பதிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்போது கவலை இறைத்துத்தான் வெள்ளாமை. எருதுகள் இரண்டும் சரிவில் இறங்கினால் தோல்சால் கிணற்றிலிருந்து மேலே வரும்; திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து ஏறினால் சால் மறுபடி தண்ணீருக்குள் போகும். அந்தக் கோடையில், ராகிக் கதிர் பால் பிடிக்கிற நேரமாகப் பார்த்து, வலத்து எருது முன்னங்காலை நொண்டத் தொடங்கியது.

இறங்கும்போது நன்றாகத் தெரிந்தது. ஏறும்போது அவ்வளவு இல்லை. எருது படுத்தால் பயிர் போகும், பயிர் போனால் எருதுக்குத் தீனி போகும் என்று ஒன்றைப் பிடித்து ஒன்றாகப் பயம் வந்தது. பக்கத்து ஊரிலிருந்து மாட்டுக்குச் சூடு போடுகிற பெரியவரை அழைத்து வந்தேன்.

அவர் எருதின் தோளை அழுத்தினார். அது துள்ளியது.

“வாதம், அப்புனு. தோள்ல எறங்கியிருக்குது. ரெண்டு கோடு இழுத்தாச் சரியாப் போயிரும்.”

“காலை ஒருக்காத் தூக்கிப் பாக்கலாமுங்களா?”

“கால்ல என்ன இருக்குது, மண்ணுதான். நாம் பாக்காத மாடா?”

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். யாராவது உறுதியாகப் பேசினால் அதற்குமேல் எனக்கு வாய் எழாது. கட்டிச் சாய்த்துக் காய்ச்சிய கம்பியால் தோளில் இழுத்தார்.

“பொருக்கு உதுர்ற வரைக்கும் சொட்டுத் தண்ணி படக் கூடாது. குளம்பு நனைஞ்சாலும் வாதம் திரும்பீரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பயந்தவன் எப்படிக் காப்பானோ அப்படிக் காத்தேன். காய்ந்த வைக்கோலைப் பரப்பி நிறுத்தினேன். தண்ணீர் குடிக்கும்போதுகூடத் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த தோட்டத்து மச்சான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “ஏன் மாப்ளே, குளிக்கப் பயம் உனக்கா, எருதுக்கா?” என்றார். தண்ணீர் இறைக்க அவருடைய எருதை இரவல் கேட்கலாம்தான். ஆனால் ஜோடி பழகாத எருது சேர்ந்து பின்பக்கமாக நடக்காது.

நான்காம் நாள் எருது காலை ஊன்றவே இல்லை. எங்கோ ஒரு சொட்டுப் பட்டிருக்கும் என்று தோன்றியது.

“தொட்டி கழுவுனயே, தெறிச்சுதா?” என்று மனைவியைக் கேட்டேன். அன்றும் கேட்டேன், மறுநாளும் கேட்டேன்.

ஆறாம் நாள் அவள் வெந்நீர்க் குடத்தோடு வந்தாள். “ஏனுங்க, தள்ளி நில்லுங்க. இந்தக் காலை நாங் கழுவப் போறேன். வாதம் வந்தா என்ற மேல வரட்டும்.”

தடுக்கக் கை நீண்டது, ஆனால் தடுக்கவில்லை. குளம்பின் பிளவில் காய்ந்திருந்த சேறு கரைந்தது. நாற்றம் வந்தது. உள்ளே வேலமுள் ஒன்று, விரல் நீளம். குறடால் இழுத்தபோது சீழ் என் கைமேல் வழிந்தது. எங்கள் வேலி முள்தான்.

“இதுக்கா அந்தச் சூடு?” என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துத் துணி சுற்றினோம். நான்கு நாளில் கால் தரையைத் தொட்டது. அதற்குள் தண்ணீரில்லாமல் ராகியின் இலை நுனிகள் வெளுத்துவிட்டன.

“ரெண்டு நாள் பூட்டு மாப்ளே, கீழ்ப்பாத்தியாவது தப்பிக்கும்” என்றார் மச்சான்.

பூட்டினேன். எருது சரிவில் மூன்று அடி வைத்தது. நான்காவது அடிக்குக் காலைத் தூக்கியது, வைக்கவில்லை. அப்படியே நின்றது. நான் அதட்டியிருந்தால் வைத்திருக்கும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நுகத்தடியை இறக்கி வைத்துவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு கீழ்ப்பாத்திக்குப் போனேன்.

மனைவி பின்னாலேயே ஓடி வந்தாள். “பால் கதிருங்க அது!”

“தண்ணியில்லாம எப்படியும் காயத்தான் போவுது. பச்சையா இருக்கும்போதே எருது திங்கட்டும்.”

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு அடுத்த பாத்தியில் இறங்கினாள். பொழுது சாயும்வரை இரண்டு பேரும் அறுத்தோம்.