தறிக்குப் போடாத போர்வை

நான் ஆறாவதோடு படிப்பை விட்டவள். ஆரணியில் வீட்டிலேயே பட்டு நெய்கிறேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற சுபாவம் எனக்கு. முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மகள் ஜப்பான் போகிறாள் என்றதும், அங்கே என்ன சாப்பிடுவாளோ என்று ஒரு மாதமாகப் புலம்பினேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் அவள் நூடுல்ஸும் கோழிக்கறியும் முட்டைக்கோஸும் வாங்கி வந்தாள்.

"அந்த ஊர் சாப்பாட்ட செஞ்சி தரேன், நீயே துன்னு பாரு. அப்புறமாவது கவலைப்பட்டுகினு இருக்காதம்மா."

கறியையும் கோஸையும் வதக்கி, நூடுல்ஸைப் போட்டு, அடுப்பைப் பெரிதாக எரியவிட்டாள். எண்ணெய்ப் புகை கூடத்துக்கு வந்தது. அங்கே தறியில் பாதி நெய்த கல்யாணப் புடவை இருந்தது. பட்டில் பிசுக்கு ஏறிவிடுமே என்று அடுப்படிக்கு ஓடினேன்.

"தீயைக் கம்மி பண்ணுடி."

"பெரிய தீயில ஜல்தியா கிளறணும்மா. ரெண்டே நிமிஷம்."

அதற்குள் போன் வந்து வாசலுக்குப் போனாள். நான் தீயைத் தணித்து, தண்ணீர் தெளித்து, தட்டுப் போட்டு மூடிவிட்டேன். அவள் வந்து திறந்தபோது எல்லாம் கூழாகிக் கிடந்தது.

"விடும்மா, எனக்குப் பசிக்குது" என்று முழுவதையும் அவளே சாப்பிட்டாள். எனக்கு ஒரு வாய் தரவில்லை. அதைத் தின்றால் நான் இன்னும் பயப்படுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் தாளிக்கும் முன்பே பழைய போர்வையால் தறியை மூடிவிடுகிறேன். அரை நிமிட வேலைதான். அன்றைக்கு அது தோன்றவில்லை.

"என்ன சாப்பிட்ட?" என்று போனில் கேட்டால், "நூடுல்ஸ்தாம்மா, நல்லா இருந்துச்சி" என்கிறாள். அது எப்படி இருக்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது.