வண்டியா, விஜயராணியா?

விடியற்காலையில் வில்லியனூரிலிருந்து சேதராப்பட்டுக்குக் கிளம்பும் கம்பெனி வேனில் ஏறும் பெண்கள், டிரைவர் சீட்டில் விஜயராணி இருந்தால் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். அவள் கை மேல் அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கை இப்போது ஒரே ஒருத்திக்குத்தான் இல்லை. அந்த ஒருத்தி விஜயராணியேதான்!

மதகடிப்பட்டில் கார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாக்யராஜைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவளுக்கு நாற்று நடத் தெரியும், கரும்பு வெட்டத் தெரியும். கார் கதவைத் திறக்கத் தெரியாது. ரிப்பேர் முடிந்த வண்டியை அவன் டிரையல் எடுக்கும்போது சும்மா பக்கத்தில் உட்கார்ந்து போவாள். "பின்னாடி எடது சக்கரத்துல இன்னாவோ கிணுகிணுன்னுதுயா" என்பாள். பிரித்துப் பார்த்தால் அங்கே ஏதோ ஒன்று தேய்ந்துபோயிருக்கும். அப்படியே ஓட்டக் கற்றுக்கொண்டு, டிரையல் எடுப்பதே அவள் வேலையாகிவிட்டது. பிறகு கம்பெனி வேன் ஓட்டும் வேலையும் கிடைத்தது. வண்டிக்கு வலித்தால் விஜயராணிக்கு முதுகில் தெரியும் என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள்.

ஆட்டோகிராஸ் என்ற கார்ப் பந்தயப் பைத்தியமும் அங்கேதான் பிடித்தது. மண் தரையில் டிரம்களை வைத்து வளைவு வளைவாகப் பாதை போடுவார்கள். ஒவ்வொரு வண்டியாகத் தனியே ஓட வேண்டும். குறைந்த நேரத்தில் முடிப்பவருக்குக் கோப்பை. யாரோ கழித்துப்போட்ட ஒரு சின்னக் காருக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து உயிர் கொடுத்தார்கள்.

போன போட்டியில் அந்தக் கார் ஓர் இடது வளைவில் கவிழ்ந்தது. பெல்ட் தாங்கிக்கொண்டது. அவள் உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து வண்டி அவள் பேச்சைக் கேட்கவில்லை. வளைவில் மந்தமாயிற்று, ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் நேரம் ஏறிக்கொண்டே போயிற்று.

பாக்யராஜ் பின்பக்கத்துக்குப் புது ஷாக் அப்சார்பர் போட்டான். இரண்டு பக்கமும் அதன் அடியில் ஒரு குமிழ் உண்டு. ஒரு பக்கம் திருகினால் வண்டி இறுகும், மறுபக்கம் திருகினால் மெத்தென்று ஆகும். எந்த அளவு சரி என்பதை ஓட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"ஞாயித்துக்கெழம போட்டி. அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாவணும்யா" என்றாள் விஜயராணி. "கோளாறு வண்டிக்கா, எனக்கா? எனக்குன்னா போட்டிக்கும் போவல, வேன் சாவியயும் குடுத்துர்றேன். அத்தினி பொம்பளைங்க உயிர எந்த தைரியத்துல ஏத்திக்குனு போறது?"

பாக்யராஜ் ஜாக்கியை எடுத்து டிக்கியில் வைத்தான்.

செல்லிப்பட்டுக்குப் போகும் வழியில் மனை போட்டு விலைபோகாமல் கிடந்த நிலத்தில், புரோக்கரிடம் சொல்லிவிட்டுப் பெயிண்ட் டிரம்களை வைத்தார்கள். ஒரு மூலையில் மட்டும் போர்வெல் தண்ணீர் கசிந்து சேறாக இருந்தது. தினமும் வேனில் வரும் அர்ச்சனா, செல்போனில் நேரம் பார்க்க வந்திருந்தாள்.

"குமிழ எப்டித் திருகினேன்னு எங்கிட்ட சொல்லாத" என்று கணவனிடம் கண்டிப்பாகச் சொன்னாள் விஜயராணி. "சொல்லிட்டா மனசு அதையே புடிச்சிக்கும். நானா ஓட்டிப் பாத்து சொல்றேன்."

முதல் ஓட்டம். இறங்கியதும் முகம் சுளித்தாள். "பின்னாடி லூசா இருக்கு."

"லூசு வண்டியா, ஓட்டறவங்களான்றதுதானக்கா இப்ப கேள்வியே!" என்றாள் அர்ச்சனா.

"வாய மூடிக்குனு செல்போனப் பாருடி."

பாக்யராஜ் வண்டிக்கடியில் நுழைந்து வெளியே வந்தான். "ஆச்சு, போ."

இரண்டாவது ஓட்டம். "ஆங், இப்ப தேவல. நல்லா குந்துது." மறுபடி அவன் நுழைந்து வந்தான். மூன்றாவது ஓட்டம். "சே, இது மோசம்யா. மூக்கு வளைய மாட்டேங்குது."

அர்ச்சனா போனைக் காட்டினாள். மூன்று ஓட்டத்துக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றே!

இது எப்படி? முதுகு மூன்று விதமாகச் சொல்கிறது, கடிகாரம் ஒரே விதமாகச் சொல்கிறதே? விஜயராணி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, எனக்கு வண்டியப் பத்தி ஒரு எழவும் தெரியாது" என்று இழுத்தாள் அர்ச்சனா. "ஆனா அந்த மூணாவது டிரம்முகிட்ட வந்தா வண்டி மூச்சப் புடிச்சிக்குதுக்கா. உர்ர்ர்னு வந்தது கப்புனு அடங்கிடுது. மூணு தபாவும்."

மூன்றாவது டிரம், இடது வளைவு.

விஜயராணி கணவனைப் பார்த்தாள். அவன் தூரத்துப் பனைமரத்தைப் பார்த்தான். அவ்வளவுதான், அவள் தரையில் படுத்து வண்டிக்கடியில் புகுந்தாள். குமிழ்களின் மேல், முதல் ஓட்டத்தில் மட்டும் மூலைச் சேற்றில் இறங்கியபோது தெறித்த சேறு, வெயிலில் காய்ந்து, விரிசல்கூட விடாமல் அப்படியே இருந்தது. ஒரு விரல் பட்டிருந்தால் உதிர்ந்திருக்கும்!

"யோவ்! நீ தொடவே இல்லயே!"

அவன் வண்டி ஓரமாக உட்கார்ந்தான்.

"திருகறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல ராணி. வண்டி நல்லாத்தான் இருக்குது. அந்த வளைவு வந்தா நீதான் கால எடுத்துடற. கவுந்தப்பறம் நீ ஓட்டின மொத நாளே கண்டுக்கினேன்."

"அப்பவே சொல்றதுக்கு இன்னாயா?"

"வண்டி மேல பழியப் போட்டா வண்டி அழப்போவுதா? உம்மேல போட்டா நீ அழுவியேடி!"

அந்த முரட்டு மனிதன்தான் அழுதான். கவிழ்ந்த காரைப் பிடித்துத் தூக்கிய அன்றுகூட அழாதவன்! அவளுக்கும் அழுகை வந்தது. ஆனால் அழுகையையும் மீறி ஒரு வியப்பு அவளுக்குள் எழுந்தது. தன் வலது காலைக் குனிந்து பார்த்தாள். யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நெசமாவா எடுக்கறேன்? எனக்கே தெரியலயேயா! என்னக் கேக்காமயே பண்ணுதே இது!"

"போதும், வா வூட்டுக்குப் போலாம்."

"இன்னா போதும்? இப்பதான கோளாறு கெடச்சிருக்கு, வுட்டுட்டுப் போவச் சொல்றியே!" செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டினாள். "வெறுங்கால்ல அமுக்கினாதான் அது இன்னா பண்ணுதுன்னு தெரியும்."

வண்டி கிளம்பியது. முதல் டிரம், இரண்டாவது டிரம். பாக்யராஜ் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டான். மூன்றாவது டிரம் நெருங்கியது. சத்தம் நடுங்கியது, ஒரு கணம் தாழ்ந்தது, பிறகு வீம்பாக உயர்ந்தது! பின்பக்கம் வீசிக்கொண்டு போய் டிரம்மை அடித்து உருட்டியது. புழுதியில் எதுவும் தெரியவில்லை. "அக்கா!" என்று அலறினாள் அர்ச்சனா. புழுதியைக் கிழித்துக்கொண்டு கார் நேராக வெளியே வந்தது.

கதவைத் திறந்து குதித்த விஜயராணிக்கு மூச்சு வாங்கியது, கண்கள் மின்னின.

"யோவ், வால் ஆட்டுதுயா! இதுவரைக்கும் நான் மெதுவா போனதால தெரியல. இந்த வேகத்துல போனாதான் தெரியுது. நெசமாவே பின்னாடி லூசுதான்!"

"நேரம் இன்னாடி?" என்று அர்ச்சனாவைக் கேட்டான் பாக்யராஜ்.

"அய்யோ, பயத்துல நிறுத்த மறந்துட்டேண்ணா!"

"அது கெடக்கட்டும், நீ இறுக்குயா. ரெண்டு பக்கமும் இறுக்கு, எடது பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி. ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாவணும்" என்றாள் விஜயராணி.

எதற்கு, எவ்வளவு என்று ஒரு கேள்வி கேட்காமல், பாக்யராஜ் வண்டிக்கடியில் புகுந்து, அவள் சொன்னபடியே திருகத் தொடங்கினான்.