மழை இல்லாமல் ஏறிய தண்ணீர்

விளாத்திகுளம் பக்கம் எங்கள் ஊர். வருடா வருடம் திருச்செந்தூருக்கு மாலை போட்டு நடந்து போவோம். சில வருடங்களுக்கு முன், ரோட்டில் லாரித் தொல்லை என்று கடற்கரை வழியாகப் போக என் கொழுந்தன் ஏற்பாடு செய்தார். வழியில், ஆறு கடலில் சேரும் இடத்தைக் கடக்க வேண்டும். அவர் ஒரு காலையில் போய்ப் பார்த்துவிட்டு, முழங்கால் தண்ணீர்தான் என்றார்.

"அங்கன மீன் பிடிக்கவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றேன், மெதுவாக.

"மழையே இல்ல, தண்ணி எப்படி மதினி ஏறும்? நீங்க அடுப்படியப் பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் கரிசல்காட்டு ஓடையில் மழை பெய்தால்தான் தண்ணீர். நானும் அதை நம்பி மாலை போட்டுக்கொண்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது சாயங்காலம். இறங்கும்போது முழங்கால்தான். நடு ஆற்றுக்குப் போனால், கடல் தண்ணீர் உள்ளே ஏறியிருந்ததால் நெஞ்சுக்கு வந்துவிட்டது. என் கையைப் பிடித்திருந்த ஓரகத்தி, கொழுந்தன் பெண்சாதிதான், காலிடறி முங்கினாள். சேலையைப் பிடித்து இழுத்தேன். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடிவந்து எங்களைக் கரை சேர்த்தார்கள். "தினம் ரெண்டு தடவ கடல் ஏறி வத்தும். ஏறுத நேரத்துல யாரு இறங்கச் சொன்னது?" என்று திட்டினார்கள்.

கொழுந்தனோ, "பொம்பளையாளுக பயந்து தடுமாறிட்டாவ, முருகன் காப்பாத்துனான்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். முருகன் காப்பாற்றினான், சரி. தண்ணீரில் இறக்கிவிட்டது யார்?

இப்போதெல்லாம் நடைக்கு நாள் குறிக்கும்போதே நான் எழுந்து நின்று, "கடக்கரை ஆளுககிட்ட கேட்டாச்சா?" என்று சத்தமாகக் கேட்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பதில் வரும்வரை நானும் ஓரகத்தியும் மாலை போடுவதில்லை.