மாப்பிள்ளை கற்ற இங்கிலீஷ்

எங்கள் சின்ன மாப்பிள்ளைக்கு முடிவெட்டுகிற தொழில். விளையாட்டுக்குக்கூட அவர் வாயில் பொய் வராது. வேலை பார்த்த சலூனை மூடிவிட்டார்கள். பெரிய ஓட்டல் ஒன்றின் சலூனுக்கு ஆள் எடுக்கிறார்கள், ஆனால் இங்கிலீஷ் தெரிய வேண்டுமாம். என் மகள்தான் சொல்லிக்கொடுத்தாள். தினமும் செய்கிற வேலை என்றால் "ஐ கட்". இந்த நிமிஷம் செய்துகொண்டிருந்தால் "ஐ ஆம் கட்டிங்".

மனுஷன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "எங்கே, ஐ ஆம் ஈட்டிங் சொல்லுங்க" என்றால், "முதல்ல தட்டைக் கொண்டா. சாப்பிடாம எப்படிச் சொல்றது?" என்பார். "ஐ ஆம் ஸ்லீப்பிங்" மட்டும் இன்றுவரை சொன்னதில்லை. மகள் தலையில் அடித்துக்கொள்கிறாள். நான் மாப்பிள்ளை கட்சிதான்.

ஓட்டலில் மேனேஜர் கேட்டாராம், "முடி வெட்டிக்கிட்டிருக்கேன்னு இங்கிலீஷ்ல சொல்லுங்க பார்ப்போம்."

இவர் சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறார். அங்கே இருந்த ஒரே தலை மேனேஜருடையது. பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துப் போய், அவர் காதோரம் ஒரு கொத்தை வெட்டிக்கொண்டே, "ஐ ஆம் கட்டிங், சார்" என்றார்.

"யோவ்! என்னய்யா பண்றே?"

"அதைத்தான் சார் இங்கிலீஷ்ல சொன்னேன்."

ஒரு பக்கம் மட்டும் முடி குறைந்த தலையோடு அந்த மனுஷன் எங்கே போவார்? தலையைத் திருப்பிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுபக்கமும் வெட்டி முடித்ததும் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க. ஆனா தயவுசெஞ்சு தமிழ்லயே பேசுங்க."