செடில் குத்துமுன் சில கேள்விகள்

சாமிக்கு நேர்ந்து வந்து நிற்பவரிடம், “காலையில் என்ன மருந்து போட்டீர்கள்?” என்று கேட்பதுதான் என் வேலை.

மற்ற நாட்களில் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். தேர்த்திருவிழாவன்று தெற்கு லண்டனில் ஒரு முருகன் கோயிலின் முதலுதவி மேசை. முதுகில் கொக்கி போன்ற முள் குத்தி, அதில் கட்டிய கயிற்றைப் பின்னால் ஒருவர் பிடிக்க ஆடிப்போவது செடில் காவடி. எங்கள் பெடியள் பலருக்கு முதல் செடில்தான் ஆண்பிள்ளையாகிவிட்டதன் அடையாளம். அதைத் தடுக்க நான் போவதில்லை. சேதமில்லாமல் வீடு திரும்பட்டும் என்றுதான் போகிறேன். எங்காவது முதலுதவிப் பெட்டியோடு உட்கார்ந்து திட்டு வாங்கியவர்களுக்கு என் நிலைமை விளங்கும்.

நீலக் கையுறை

செடில் குத்துபவர் சிவஞானம் அண்ணை. தொழில் பஸ் ஓட்டுவது. முன்பெல்லாம் ஒரே முட்களைத் தேசிக்காயின், அதாவது எலுமிச்சையின், புளியில் கழுவி எல்லாருக்கும் குத்துவார். ஆளுக்கொரு முள் பொதி, கிருமி நீக்கியது என்று நான் சொன்னபோது உடனே ஒத்துக்கொண்டார். கையுறைக்குத்தான் பிடிவாதம். போட்டால் ஆழம் விரலுக்குத் தெரியாதாம்.

இறுக்கமான ஒரு சோடியைக் கொடுத்து, ஒரு தோடம்பழத்தின், ஆரஞ்சின், தோலில் குத்திப் பார்க்கச் சொன்னேன். குத்தினார், தலையாட்டினார். பிறகு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாம் சரி தங்கச்சி. ஆனா நீலம் வேண்டாம், வெள்ளை கொண்டு வாங்கோ. இதோட நிண்டால் டூட்டிங் சந்தையில மீன் வெட்டுறவன் மாதிரிக் கிடக்கு.”

ஒன்றும் இல்லை

இந்த முறை முதல் செடிலுக்கு வந்தவர்களில் பிரதீபன் ஒருவன். மஞ்சள் வேட்டி, மார்பு முழுக்கத் திருநீறு. பின்னால் அவன் மனைவி தாரணி, கைக்குழந்தையோடு.

“சீனி வருத்தம், டயபிட்டிஸ்?”

“இல்லை அக்கா.”

“பிரஷர்? வேற ஏதும் மருந்து?”

“ஒண்டும் இல்லை. கெதியாய் விடுங்கோ, பறை அடிக்கத் தொடங்கிட்டாங்கள்.”

தாரணி குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

“போன மாசம் காலில ரத்தம் உறைஞ்சு கட்டியாகினது அக்கா. ரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுறார். அவரைக் கேட்டால் ஒண்டும் இல்லைதான், இருக்கிறதெல்லாம் எனக்குத்தான் தெரியும்.”

குளிசையை நிறுத்தியவன்

அந்தக் குளிசை போடுபவருக்கு முள் குத்தினால் இரத்தம் லேசில் நிற்காது. சொன்னேன். “அதுக்குத்தான் முந்தநாளே நிப்பாட்டிட்டன்” என்றான் பிரதீபன், பெரிய கெட்டிக்காரத்தனம் போல. காலில் உறைந்த இரத்தக்கட்டி நெஞ்சுக்கு ஏறினால் என்ன ஆகும் என்று விளக்கி, அங்கேயே டொக்டருக்குப் போன் போட வைத்தேன். இன்றே மறுபடி குளிசையைத் தொடங்கு, முள் கூடவே கூடாது என்று பதில் வந்தது.

அவன் முகம் வாடிவிட்டது. குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளைக்காக நேர்ந்த செடில். நேர்த்தியைச் செய்யாவிட்டால் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடுமோ என்ற பயம் அவனுக்கு. வரிசையில் நின்ற அவன் கூட்டாளிக்கு இது எதுவும் தெரியாது.

“டேய் மச்சான், நேர்ஸ் அக்கா உனக்கு லீவு எடுக்க சிக் நோட் தாறாவோ?”

மாட்டேன் என்றவர்

பிரதீபன் நேரே சிவஞானம் அண்ணையிடம் போய் முதுகைக் காட்டினான். “அண்ணை, ரெண்டே ரெண்டு முள்ளெண்டாலும் குத்திவிடுங்கோ.”

அண்ணை என்னைப் பார்த்தார், தாரணியைப் பார்த்தார், கையுறையைக் கழற்றினார். குத்தமாட்டேன் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை, அன்று சொன்னார். முள்ளில்லாத சாதாரணக் காவடி ஒன்றைத் தூக்கி அவன் தோளில் வைத்தார்.

“முருகன் கோவிப்பாரோ அண்ணை?” பிரதீபன் காவடியைப் பிடித்தபடி கேட்டான்.

“பிள்ளையைத் தந்தவர் அதின்ர அப்பன்ர உயிரைக் கேப்பாரோ? போ, ஆடு.”

ஊர்வலம்

தெருவில் பஸ்கள் வரிசையாக நிற்க, முள்ளோடு ஆடியவர்களை விட முள்ளில்லாத பிரதீபன்தான் அதிகம் ஆடினான். கேலி செய்த கூட்டாளி ஈடுகொடுக்க முடியாமல் என் மேசைக்குத் தண்ணீர் கேட்டு வந்தான். தாரணி மட்டும் சிரிக்காமல் கணவனின் ஆட்டத்தைக் கணக்கெடுத்துக்கொண்டு நின்றாள்.

“நாளைக்கு இடுப்புப் பிடிக்கும். கேட்டால் ஒண்டும் இல்லை எண்டுதான் சொல்லுவார்.”

எங்கள் முதலுதவிப் பெட்டியில் எல்லாம் இருக்கிறது. ஆண்களுக்கு மிகவும் தேவையான, பக்கத்தில் நின்று உண்மை சொல்லும் மனைவியை மட்டும் அவரவர்தான் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும்.